வனிதாவின் நாவலில் என் அண்ணன்

ஆடி 9, வெள்ளி

வனிதாவின் மர்ம நாவலை இன்று சிதம்பரத்தில் வெளியிட்டார்கள். அவளும் நானும் பிச்சாவரம் பக்கத்தில் ஒரே ஊர், ஒரே வகுப்பு. தடைசெய்த சுருக்குமடி வலையால் மீன் பிடிக்கும் தகராறில் ஒரு மீனவர் ஊர் ரெண்டாகிறது, ஒரு வீட்டுப் பையன் காணாமல் போகிறான். அதுதான் கதை. பேரை மாற்றியிருக்கிறாள், அவ்வளவுதான். அது என் அண்ணன். பதினொரு வருஷமாகத் தகவலே இல்லாத என் அண்ணன்.

மேடையில் அவளுக்குச் சால்வை போட்டபோது அம்மா கைதட்டினாள். கூட்டம் முடிந்ததும் வனிதாவின் கன்னத்தைத் தடவி, "நல்லா இரு கண்ணு" என்றாள். எனக்கு வயிறு எரிந்தது.

இப்போது நாங்கள் இருக்கும் கடலூருக்குத் திரும்பும் பஸ்ஸில் புத்தகத்தைப் பிரித்தேன். வீட்டைவிட்டுப் போகும் அன்று அந்தப் பையன் தோட்டத்தில் நின்றபடியே பழைய சோறு சாப்பிடுகிறான். "தங்கச்சிக்குத் தெரிய வேணாம்மா" என்று சொல்லிவிட்டுப் போகிறான்.

பக்கத்தில் இருந்த அம்மாவிடம் காட்டி, "இது அவளா எழுதுனதா?" என்று கேட்டேன்.

"இல்ல, நாந்தான் சொன்னேன்."

"என்கிட்ட ஏம்மா சொல்லல?"

"அவன் பேச்ச எடுத்தாலே நீ எழுந்து போயிடுவ. அவ உக்காந்து கேட்டா."

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. புத்தகத்தை மூடி மடியில் வைத்தேன். "வேற என்னம்மா சொன்னான்?"

கடலூர் பஸ் ஸ்டாண்ட் வரும்வரை அம்மா சொல்லிக்கொண்டே வந்தாள். அதில் ஒன்றை மட்டும் வனிதாவிடம் சொல்லவில்லையாம். எந்தப் புத்தகத்திலும் அது இல்லை. அதை நான் இங்கேகூட எழுத மாட்டேன்.