படிவத்தில் ஒரு காலியிடம்

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். மூச்சிரைப்பு குறைந்ததா? மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போட்டுக்கொள்ளாதீர்கள். நான் சௌக்கியம்.

விசா இன்னும் இரண்டு வருடத்துக்குக் கிடைத்துவிட்டது. சம்பளச் சீட்டைப் பார்த்த அதிகாரி, "இதுல மாசம் பூரா ஓட்டிடுவீங்களா?" என்றார். "கையைக் கடிக்காம ஓட்டிடுவேன் சார்" என்றேன், சிரித்துவிட்டார். ஆனால், அவசரத்துக்குக் கூப்பிட இந்த ஊர் ஆள் ஒருவர் பெயரைப் படிவத்தில் எழுதினால்தான் விசா என்றார்.

மூன்று வருடமாக என் கீழ்வீட்டில் இருக்கும் தையல்கார அக்காவிடம் ஓடினேன். "என் பேரைத் தாராளமா போட்டுக்கோ. ஆமா, உன் பேரு என்னம்மா?" என்றார். எழுத்துக்கூட்டிச் சொன்னேன். நான் வேலை பார்க்கும் சலவைக்கூடத்திலும் எல்லாருக்கும் நான் பதினேழாம் நம்பர்தான்.

ஞாயிற்றுக்கிழமை போனில் 'பாப்பா' வேண்டாம் அப்பா, முழுப் பெயரையும் சொல்லிக் கூப்பிடுங்கள். பஸ் வந்துவிட்டது.

உங்கள் மகள்