என் கைக்கு எட்டும் உயரம்

என்னங்க,

ஆஸ்பத்திரியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நடக்கிறீர்களாம், அக்கா போனில் சொன்னார். வலது கைதான் இன்னும் பேச்சைக் கேட்கவில்லையாம். நர்ஸிடம் சண்டை போடாதீர்கள்.

வேன் தயார். வீடு தேடிப் போய் கார் கழுவி மெருகேற்ற என்னென்ன வேண்டும் என்று நாம் பேசிவைத்த எல்லாம் ஏறிவிட்டது. தண்ணீர்த் தொட்டியை வெல்டர் முதலில் ஓரமாக வைத்துவிட்டார். நிரப்பியதும் வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. கழற்றி நடுவில் வைப்பதற்குள் என் இடுப்பு விட்டுப்போயிற்று. தண்ணீர்த் துப்பாக்கியை முதன்முதலாக அழுத்தியபோது கார் நனையவில்லை, நான்தான் நனைந்தேன்.

வேனுக்குள் அலமாரி அடிக்கும்போது, "அண்ணன் உயரத்துக்கு வச்சிரட்டுமா?" என்று வெல்டர் கேட்டார்.

"என் கைக்கு எட்டுற மாதிரி வைங்க" என்றேன். அவர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. நீங்களும் கேட்காதீர்கள்.

முதல் காரை நேற்றுதான் கழுவினேன், ஒரு பல் டாக்டருடையது. சீட்டெல்லாம் நாய் முடி. முடித்தபோது கையைத் தூக்க முடியவில்லை. "அடுத்த மாசமும் வாங்கம்மா" என்றார். வீட்டுக்கு வந்து செருப்போடு தூங்கிவிட்டேன்.

பொருள் வைக்க இடம் போதவில்லை. "உங்க பக்கத்து சீட்டைக் கழட்டிரலாம்க்கா, நீங்க ஒருத்தர்தானே போகப் போறீங்க" என்கிறார் வெல்டர். முடியாது என்று சொல்லிவிட்டேன். அந்தக் கதவோரம் ஒரு கைப்பிடி வைக்கச் சொல்லியிருக்கிறேன், இடது கையால் பிடித்து ஏறுவதற்கு வசதியாக.

தூக்கம் கண்ணைச் சுழற்றுகிறது,
உங்கள் வீட்டுக்காரி