கறள் பிடித்த காரும் கலியாணமும்

இஞ்சாருங்கோ,

நான் மண்டபம் சோடிக்கப் போகிறேன். சோறும் பருப்பும் அடுப்பில் இருக்கின்றன.

நீங்கள் திருத்துகிற பழைய மஸ்டாங் கார் மகாராசா கராஜில் நலம். நேற்று அதன் கதவைச் சாத்த, துருவேறிய அடித்தட்டு முழுக்கக் கறளாய்க் கொட்டிவிட்டது. எஞ்சினைப் பொருத்த முதலே பூசை வைத்தீர்கள். சக்கரங்களுக்குக் கீழே தேசிக்காய்கள் நசியாமலே காய்ந்து கிடக்கின்றன.

"மகளை இதிலைதான் கூட்டிவருவன், இல்லாட்டி நானும் வரமாட்டன்" என்று தமிழ்ச் சங்கக் கூட்டத்தில் மைக் பிடித்துச் சொன்னீர்கள். நாளைக்குக் கலியாணம். "அம்மா, அப்பா உண்மையா வரமாட்டாரோ?" என்று சுபானி கேட்டாள்.

பின்னேரம் அவள் சேலை எடுக்க வருவாள். கார்க்கதை வேண்டாம். வாறன் என்று மட்டும் சொல்லுங்கோ.

கலா

பி.கு: வேட்டி கட்டிலில் இருக்கிறது. எஸ்-பான் ரயிலில் வரலாம். கொலோனில் இப்போது கார்னிவல், ஊரே வேசம் போட்டுத் திரிகிறது. வேட்டியோடு ஏறினாலும் ஒருவரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.