உண்ணி பிடுங்க வந்த நங்கைக்கு

வெள்ளக்கடையில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் எலுமிச்சம்புல் வாசம் வந்தது. யாரோ கட்டுக்கட்டாய் அறுத்துப் போட்டிருந்தார்கள். உடனே உங்கள் ஞாபகம். நல்ல ஞாபகமா என்று கேட்காதீர்கள், நங்கை. என் வீட்டுக்காரருக்கு அக்காவாகப் பிறந்த உங்களை நான் எப்போது நல்லதாய் நினைத்தேன்? கல்யாணப் பந்தியில், "வேலைக்கு ஆவா, வெளியில காட்டத்தான் ஆவாது" என்றீர்களே, அது இன்னும் காதில் நிற்கிறது.

மேல்சரிவு உங்கள் அப்பா உங்களுக்குக் கொடுத்தது. கீழ்ச்சரிவு எங்களுடையது. ஒரு காலத்தில் புல்லும் பூவுமாய்க் கிடந்த இடம். மழை விட்டால் காசித்தும்பையும் கண்வலிப்பூவும் போட்டி போட்டுப் பூக்கும். மாடுகளை விற்றுவிட்டு என் வீட்டுக்காரர் எஸ்டேட் வேலைக்குப் போனதும் உண்ணிச்செடி ஏறி, ஆள் நுழைய முடியாத முள்ளாகிவிட்டது. அவர் தவறிப்போன அடுத்த மழைக்கு, நீங்கள் கட்டிப்போன கொட்டச்சேட்டிலிருந்து கடப்பாரையோடு வந்து நின்றீர்கள்.

"ஏனுங்க நங்கை, இங்க உங்களுக்கு என்ன வேலை?"

"உன்ற சரிவுல பழுக்கறதைக் குருவி தின்னுபோட்டு என்ற காட்டுல எச்சம் போடுது புள்ளே. வேரோட எடுத்தாத்தான் ஒழியும்."

குருவியாம்! எங்கள் பக்கம், திருத்தியவருக்கே காடு என்று பேசுவார்கள். தம்பி இல்லாத ஊடு என்று பார்த்து, நாளைக்கு "நாந்தான் திருத்துனேன்" என்று காப்பி நட்டுவிட்டால்? எனக்கு இருந்ததே அந்த ஒரு சரிவுதான். மூத்தவரை விரட்டவும் முடியாது. நானும் கடப்பாரை எடுத்தேன். நீங்கள் ஒரு புதரைப் பிடுங்கினால் நானும் ஒன்று. நீங்கள் தண்ணீர் குடிக்க உட்கார்ந்த பிறகுதான் நானும் உட்கார்ந்தேன்.

"என்ன புள்ளே, போலீசாட்டம் பின்னாலயே வர்றே?"

"எங்க காடுங்க. நான் வராம வேற யாரு வருவா?"

பிடுங்கியதை ஈரத்தில் போட்டால் மறுபடி வேர்விடும் என்று, பாறைமேல் வேர் வானம் பார்க்கக் கவிழ்த்தீர்கள். சேர்வராயன் கோயில் பக்கத்துப் புல்மேட்டிலிருந்து விதை முற்றிய எலுமிச்சம்புல்லைக் காட்டுப்பூவோடு அறுத்துவந்து பரப்பினீர்கள். அதையும் உதறிப் பார்த்தேன், உள்ளே காப்பிக்கொட்டை இருக்கிறதா என்று. இல்லை.

அடுத்த மழையில் புல் வந்தது. பிறகு பூவும் வந்தது. நீங்கள் மட்டும் பாத்தியதை கேட்டு வரவேயில்லை. அதுதான் இன்னும் பிடிபடவில்லை. சமயம் பார்த்துக்கொண்டிருந்து, அது வருவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டீர்களோ?

இப்போது உங்கள் மேல்சரிவு கெட்டுக் கிடக்கிறது. உங்கள் மகனுக்கு ஏற்காட்டுக் கடையை விட்டால் வேறு நினைப்பில்லை. உண்ணி கறுத்துப் பழுத்து நிற்கிறது. குருவி அதைத் தின்றுவிட்டு இப்போது என் சரிவில் எச்சம் போடுகிறது. போன வாரம் கடப்பாரையோடு ஏறிவிட்டேன். அவன் வண்டியை நிறுத்திவிட்டு ஓடிவந்தான்.

"அத்தை, யாரைக் கேட்டுங்க இதுல கை வெச்சீங்க?"

பங்கு பிடிக்க வந்தவளைப் பார்க்கிற முகம்.

"நம்பிக்கை இல்லீன்னா நீயும் வந்து பிடுங்கு சாமி."

கடையைப் பூட்டிவிட்டு வந்தான். தினமும் வருகிறான். நான் ஒரு புதரைப் பிடுங்கினால் அவனும் ஒன்று. பாதிச் சரிவு தெளிந்துவிட்டது.

உங்கள் மேல் எனக்குச் சந்தேகம் தீரவில்லை, நங்கை. அது தீராதவரை நான் காவலுக்குப் போய்க்கொண்டே இருப்பேன்; என் சரிவில் ஒரு உண்ணி முளை தங்காது.