ஆயுத பூஜைக்குத் திறந்த ஆய்வகம்

செப்டம்பர் 8

இன்றும் சாவி கிடைக்கவில்லை. ஜூன் மாதம் ஒரு கம்பெனி எங்கள் பள்ளிக்குக் கொடுத்த அறிவியல் ஆய்வகம் பத்திரமாக இருக்கிறது. எவ்வளவு பத்திரம் என்றால், அறிவியல் டீச்சர் நானே உள்ளே போனதில்லை. ரிப்பன் வெட்டிய அன்று கூட்டத்துக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்ததோடு சரி. அன்று மாலையே தலைமையாசிரியர் அசோகன் சார் பூட்டிவிட்டார். கேட்டால், "பசங்க கை வெச்சா ரெண்டே நாள்ல கலீஜ் ஆயிடும் டீச்சர்" என்கிறார். நியாயம்தான். கை வைக்கக் கூடாத செய்முறை வகுப்பு! இதற்கென்று ஒரு விருது இருந்தால் திருவொற்றியூரை விட்டு வெளியே போகாது.

பிள்ளைகள் மதியம் சாப்பிட்ட தட்டைக் கழுவிய கையோடு வந்து ஜன்னல் வழியே பார்க்கிறார்கள். ஒன்பதாம் வகுப்பு உஸ்மா கம்பியில் மூக்கு பதிய, மேஜைமேல் இருக்கும் குட்டி ரோபோ வண்டியையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். "டீச்சர், அந்த வண்டி ஓடுமா, இல்ல சும்மா ஷோவுக்கா?" ஓடும் என்றேன். ஓடுமா? எனக்கு எப்படித் தெரியும்.

செப்டம்பர் 15

கம்பெனியிலிருந்து தகவல். அக்டோபர் பத்தாம் தேதி வந்து பார்ப்பார்களாம். பிள்ளைகள் பயன்படுத்தவில்லை என்று தெரிந்தால் எல்லாவற்றையும் வேறு பள்ளிக்குக் கொடுத்துவிடுவார்கள். எனக்கு ஒரே சந்தோஷம். இனி திறந்துதானே ஆக வேண்டும்? சார் அறைக்கு ஓடினேன்.

"அதான் டீச்சர், அதுவரைக்கும் யாரும் தொடாம பாத்துக்கணும்" என்றார்.

பயன்படுத்தியதாகக் காட்டும் வழியையும் அவரே கண்டுபிடித்துவிட்டார். உஸ்மாவுக்குக் கணீரென்ற குரல். ஆங்கிலத்தில் ஒரு பக்கம் ஒப்பித்துவிட்டு வண்டியை ஓட்டிக் காட்ட வேண்டும். எதிரே சுவர் வந்தால் வண்டி தானாக நின்றுவிடும். முன்னால் இருக்கும் இரண்டு வட்டங்கள் அதன் கண்கள் — மனப்பாடப் பகுதியில் இதுவும் உண்டு. எழுதியது சார். பிழை திருத்தியது நான். இரண்டு பேருமே வண்டியைத் தொட்டதில்லை.

செப்டம்பர் 19

தவளை, லென்ஸ், மின்சுற்று — இத்தனை வருடமாக எல்லாவற்றையும் சாக்பீஸால் வரைந்தே ஓட்டுகிறேன். இந்த ஆய்வகமும் போய்விட்டால் ஓய்வு பெறும்வரை வரைய வேண்டியதுதான்.

செப்டம்பர் 26

ஆய்வகம் திறந்தது! பாடம் நடத்த அல்ல. காலாண்டு விடுமுறைக்கு முன் பள்ளியில் ஆயுத பூஜை.

ஆயா தாயம்மா சந்தனக் கிண்ணத்தோடு முன்னே போக, சார் பின்னாலேயே போனார். "ஒண்ணையும் வுட்றாத தாயம்மா. எல்லாம் ஆயுதம்தான்." கம்ப்யூட்டருக்குப் பொட்டு, ஸ்க்ரூ டிரைவருக்குப் பொட்டு. வண்டியிடம் வந்ததும் தாயம்மா உருகிவிட்டாள். "கண்ணு எவ்ளோ அழகா கீது பாருங்க சார்!" கண்ணுக்கு ஒன்றாக இரண்டு தாராளமான பொட்டு, மேலே குங்குமம். எனக்கும் அழகாகத்தான் தெரிந்தது. போட்டோ எடுத்து ஸ்டேட்டஸில் வைத்தேன்.

கருவிகளைத் தொடாமல் வைத்துக் கும்பிட ஊர் உலகத்துக்கு வருடத்தில் ஒரு நாள்தான். எங்களுக்கு வருடம் முழுக்க ஆயுத பூஜை. பொரி கடலை கொடுத்ததும் கதவு மூடியது.

அக்டோபர் 8

ஒத்திகை. உஸ்மா கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்தாள். ஒரு பிழை இல்லை. வண்டியை விட்டாள். நேராகப் போய்ச் சுவரில் முட்டியது. மறுபடி விட்டாள். இந்த முறை சாருடைய முழங்காலுக்குக் கீழே ஓர் இடி.

"கெட்டுப்போச்சு! கம்பெனிக்காரன் ஓட்டைய நம்ம தலையில கட்டிட்டான்" என்று கத்தினார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து சாவியை என் பக்கம் தள்ளினார். "இனிமே யாரு தொட்டா இன்னா? நாளைக்கு ஒரு நாள் கீது. எதையாவது பண்ணுங்க டீச்சர்."

கெட்டுப்போனால்தான் தொடலாம்! இப்படி ஒரு விதி இருப்பது தெரிந்திருந்தால் ஜூனிலேயே நான் போய் ஒரு உதை விட்டிருப்பேனே.

அக்டோபர் 9

பள்ளி விட்ட பிறகு உஸ்மா, அவள் வகுப்புப் பாரி, நான். ஸ்க்ரூ டிரைவரை என்னிடம் யாரும் கொடுக்கவில்லை.

உஸ்மாதான் முதலில் பார்த்தாள். "டீச்சர், சந்தனம் உள்ள போய் காஞ்சு கீது." ஊக்கால் மெதுவாகச் சுரண்டினாள். ஒரு வட்டம் சுத்தமாகிவிட்டது. இன்னொன்றின் வலையில் சந்தனம் சிமெண்ட் போல இறுகிக் கிடந்தது. வண்டியை விட்டால் மறுபடியும் முட்டல்.

அவள் தரையில் உட்கார்ந்து யோசித்தாள். "ஒரு கண்ணு கிளீனாத்தான கீது டீச்சர். நம்ம ஒத்தக் கண்ண மூடிகினா செவுத்துல போய் முட்டுவோமா? அப்ப இது கண்ணே இல்ல."

எனக்குச் சுரீர் என்றது. கண் என்று அவளுக்கு மனப்பாடம் செய்ய வைத்தவளே நான்தானே.

பிரிக்காத உறையிலிருந்து கையேட்டை எடுத்தோம். எழுத்துக் கூட்டிப் படித்த பாரி துள்ளினான். "ஒண்ணு கூவுதாம், இன்னொண்ணு கேக்குதாம்! செவுரு வந்தா சத்தம் திரும்பி வருது. காதுல சந்தனம் அப்பினா யாருக்குக் கேக்கும்?"

பெட்டியில் அதே இரட்டை வட்டம் உபரியாக ஒன்று இருந்தது. அதை மாட்டும்போது முதலில் ஒயரை மாற்றிக் கொடுத்தார்கள். பிறகு சரியாகக் கொடுத்தார்கள். வண்டி சுவருக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. கத்தினோம். நானும்தான். இந்த வயதில்.

அக்டோபர் 10

கம்பெனியிலிருந்து வரதன் என்பவர் வந்தார். சார் கண் ஜாடை காட்ட, உஸ்மா ஆங்கிலத்தில் ஆரம்பித்தாள். கண்கள் என்ற இடம் வந்ததும் நின்றுவிட்டாள்.

"சார், இந்த எடத்துல தப்பு கீது." அவ்வளவுதான். பூட்டு, பூஜை, சந்தனம், முட்டல், ஒன்றையும் விடாமல் கொட்டிவிட்டாள். சார் இருமினார். நான் தரையைப் பார்த்தேன்.

"இதையெல்லாம் யாரும்மா சொல்லிக் கொடுத்தது?" என்றார் வரதன்.

"யாரும் இல்ல சார். கெட்டுப்போச்சு, அதான் எங்க கையில குட்தாங்க."

வரதன் சிரிக்கவில்லை. என்னவோ எழுதிக்கொண்டு கிளம்பிவிட்டார். போச்சு. எல்லாம் போச்சு. உண்மையைச் சொன்ன பெண்ணைத் திட்டவா முடியும்?

அக்டோபர் 24

போகவில்லை! ஆய்வகம் எங்களுக்கே. தினமும் திறந்திருக்க வேண்டும், சாவி அறிவியல் ஆசிரியரிடம் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. சார் காலை வணக்கக் கூட்டத்தில், இதெல்லாம் பூஜையின் மகிமை என்று அறிவித்தார். பலமாகக் கை தட்டினேன். ஒரு வகையில் அவர் சொன்னது பொய்யில்லை.

நவம்பர் 6

ஒரு மோட்டார் எரிந்துவிட்டது. உஸ்மா அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ஆசிரியர் அறைக்கே வந்துவிட்டாள். அவளுக்கு முன்னால் அந்தக் கருகல் வாடை வந்தது.

"நான்தான் டீச்சர் எரிச்சுட்டேன்."

இந்தப் பள்ளியில் ஒரு பிள்ளைகூட ஒரு பொருளைக் கெடுத்துவிட்டுத் தானாக வந்து சொன்னதில்லை. உடைந்த ஜன்னல் கண்ணாடித் துண்டைப் பைக்குள் ஒளித்துக் கையைக் கிழித்துக்கொண்டவர்களைத்தான் எனக்குத் தெரியும். பழக்க தோஷம், திட்டத்தான் வாயைத் திறந்தேன். அவள் முகத்தில் துளி பயம் இல்லை.

"ஏன் எரிஞ்சுது?" என்றேன்.

உட்கார் என்று நான் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்த ஆசிரியர் நாற்காலியை அவளே இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "ஒரு பேப்பர் குடுங்க டீச்சர்" என்றாள். அடுத்த வகுப்புக்கு மணி அடித்த பிறகும் அவள் வரைந்து சொல்லிக்கொண்டிருந்தாள். நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.