சமாந்தரம் தப்பிய கதவு நிலை

புளியங்கூடல்

அன்பு மகள் துஷாந்திக்கு,

அம்மன் காவலில் நானும் சித்தியும் இன்று காலைவரை முழுசாய் எழும்பியிருக்கிறோம், சுவிசில் நீயும் மருமகனும் பேத்தி கம்சிகாவும் அப்படியே சுகமாய் எழும்பவேண்டும் என்று கும்பிடுகிறோம். அண்ணர் கண்மூடிய பிறகு உனக்குத் தகப்பன் இடத்தில் நிற்கும் நான், ஈரேழு உலகத்திலும் ஒருவரும் நம்பாத ஒரு சரித்திரத்தை இதில் எழுதுவதாகச் சத்தியம் பண்ணுகிறேன். நீயும் நம்பமாட்டாய், ஆனாலும் கடைசி வரி வரைக்கும் வாசி.

நீ அனுப்பிய காசில், நாங்கள் குடியிருக்கும் உங்கள் பழைய வீட்டுக்கு மேலே எழும்பிய மாடி இருக்கிறதே, அதைக் கலங்கரை விளக்கம் என்று நினைத்துச் சீனக் கப்பல்கள் திசை மாறிப் போகின்றன. கீழே அதைச் சுமப்பது உன் பூட்டன் கடல் முருகைக்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய சுவர். மேலே இத்தனை கொங்கிறீற் ஏறியதும் அது முனகத் தொடங்கிவிட்டது, அந்தச் சத்தத்தில் நெடுந்தீவுக் குதிரைகள் கடலில் குதித்ததாகக் கேள்வி. நயினாதீவுத் திருவிழாவுக்கு வரும்போது நீங்கள் படுப்பதற்கென்று கட்டில் போட்டு வைத்த நடு அறையின் கதவுதான் முதலில் இறுகியது. தச்சுவேலை பத்திநாதர் வந்து கதவைச் சீவிவிட்டார். திரும்ப இறுகியது, திரும்பச் சீவினார், சீவல் தூளில் ஊரே அடுப்பெரித்தது. கதவு வடிவாய்ப் பூட்டுகிறது, பிறகென்ன என்று சித்திக்குத் திருப்தி. எனக்கோ பள்ளிக்கூடத்தில் அடி வாங்கிப் படித்த நாற்பக்கல் எல்லாம் ஒவ்வொன்றாய் ஞாபகம் வந்தன. செவ்வகமாய்ப் பிறந்த நிலை மூலை சரிந்து இணைகரமானது, எதிர்ப்பக்கங்கள் இரண்டு சோடியும் இன்னும் சமாந்தரம்தானே என்று மனதைத் தேற்றினேன். பிறகு மேல்சட்டம் ஒரு பக்கம் தாழ்ந்து சரிவகமானது, அப்போதும் இரண்டு நிலைக்கால்களும் சமாந்தரமாய் நின்றன, ஒரு சோடியாவது மிச்சம் என்றிருந்தேன். போன வெள்ளிக்கிழமை அந்தக் கால்களுக்கு நடுவே கயிறு பிடித்துப் பார்த்தேன். கீழே இறுகி நின்ற கயிறு, அதே நீளத்தில் மேலே பிடித்தபோது தொய்ந்து தொங்கியது. எந்தப் பக்கமும் எந்தப் பக்கத்துக்கும் சமாந்தரமில்லை. அன்று பின்னேரம் அந்த நிலை பக்கத்து வளவுப் பரமலிங்கத்தின் கிடாயை விழுங்கிக் கொம்பை மட்டும் துப்பியது.

கதவைக் கழற்றி வெளியே சாத்தினால் அதுவும் நிலையைப் போலவே கோணி நிற்கிறது. வீடு சரியச் சரியக் கதவைச் சீவி அந்தச் சரிவை நாங்களே மறைத்திருக்கிறோம். பத்திநாதரைக் கூப்பிட்டுக் காட்டினேன். “அண்ணை, கதவு பூட்டவேணும் எண்டியள், சீவினனான். வீட்டைப் பற்றி நீங்கள் ஒண்டும் கேட்கேல்லையே” என்றார். மேசனைக் கேட்டால் சுவரில் விழுந்த வெடிப்பைப் பூசிவிடலாம் என்கிறான். சித்தியோ, “பிள்ளை ரிக்கெற்றும் எடுத்திட்டாள், சும்மா கிடந்து வெருட்டாதேங்கோ” என்று என் வாயை அடைக்கப் பார்த்தா.

திருவிழாவுக்கு வாருங்கள், வரவேண்டாம் என்று சொல்ல என்னால் ஏலாது. ஆனால் நயினாதீவு மடத்திலேயே தங்குங்கள், அறைக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். கம்சிகா அந்த நடு அறைக்குள் ஒரு மத்தியானமும் கண்ணயரக் கூடாது. பாலப்பருவத்தில் நீ அங்கேதான் படுத்தாய் என்று அவளுக்கு ஆசை காட்டியும் விடாதே. உங்கள் மூவருக்கும் அம்மன் நீண்ட ஆயுளைத் தரட்டும். பிள்ளைக்கு வெயில் தொப்பி மறக்கவேண்டாம்.

இதில் எது மெய் என்று கேட்பாய். என் வாய் உனக்குத் தெரியும், முக்கால்வாசியைத் தள்ளிவிடு. கயிறு தொய்ந்தது மெய், பிள்ளை. மறு நுனியைப் பிடித்தது உன் சித்திதான். அன்றிலிருந்து நாங்கள் இருவரும் வெளிக்குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் பாய் விரிக்கிறோம்.

உன் சித்தப்பா
தம்பிஐயா