பவளத்துக்குக் கரட் சாறு

1954 மார்ச் 8, திங்கள்

காலையில் கடும் பனி. தேயிலை ஸ்டோரில் கொழுந்து கசக்கும் இரண்டாவது ரோலரின் பெல்ட் அறுந்துபோயிற்று. தைத்து மாட்ட மதியம் ஆகிவிட்டது. வாட்டிய கொழுந்து மேலே காத்துக் கிடக்க, டீ மேக்கர் ஐயா கையைப் பிசைந்துகொண்டு என் தலைக்கு மேலேயே நின்றார்.

சாயங்காலம் மகள் பவளத்தைக் கூட்டிவர, வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுச்செல்லும் பிள்ளைக் காம்பராவுக்கு. ஆயா வாசலிலேயே மறித்துக்கொண்டாள்.

"அய்யா, பொழுது சாஞ்சா புள்ளைக்குக் கண்ணு தெரியல போல. நேத்து தொட்டில்ல போயி முட்டிக்கிட்டா. இன்னைக்கு கதவு தெறந்து கெடக்கு, இவ செவுத்துக்கு நேரா நடக்குறா."

அப்படியே டிஸ்பென்சரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட்டம். டிஸ்பென்சரி ஐயா டார்ச் அடித்து, இமையைப் பிதுக்கிப் பார்த்தார். மாலைக்கண்.

"வெள்ளைப் புள்ளி இன்னும் விழல. விழுந்துட்டா அது போகாது, தெரிஞ்சுக்கங்க. என்னா சாப்பிடுறா?"

 இவள் அம்மா சரசு போய்ச் சேர்ந்து மூன்றாம் மாதம். பிளேன் டீயில் நனைத்த பிஸ்கட், இரண்டு வாய் சோறு. வேறு எதுவும் ஞாபகம் இல்லை. நான் என்ன சாப்பிட்டேன் என்று கேட்டிருந்தாலும் தெரிந்திருக்காது.

ஒரு மாதம் பார்ப்போம் என்றார். சரிவராவிட்டால் பெரியாஸ்பத்திரிக்கு எழுதித் தருவாராம். மீனெண்ணெய் ஒரு போத்தல். வரும் வழியிலேயே ஒரு கரண்டி. என் தோளிலேயே வாந்தி.

மார்ச் 9, செவ்வாய்

மீனெண்ணெய், வாந்தி. வெல்லத்தோடு மீனெண்ணெய், அதுவும் வாந்தி. போத்தலைக் கண்டாலே வாயைப் பொத்திக்கொள்கிறாள்.

ஐயா சொன்ன மற்றவை: கரட், கீரை, பப்பாசி, முட்டை, ஈரல். முட்டையை முகர்ந்துவிட்டுத் தள்ளிவிட்டாள். கரட்டை அவித்துக் கொடுத்தேன். மெல்லாமல் கன்னத்தில் ஒதுக்கியபடியே தூங்கிப்போனாள். விரல் விட்டு எடுத்தேன். கடித்த அடையாளம்கூட இல்லை.

மாரியாயி அக்கா எட்டிப் பார்த்தது. பக்கத்து லயத்து வரிசை வீட்டில் இருக்கிறது, கொழுந்து எடுக்கிறது. நான் இதே லயத்தில் பிறந்து வளர்ந்தவன் என்பதால் இன்னமும் தம்பிதான். ஸ்டோரில் மெஷின் பார்ப்பதால் மற்றவர்களுக்குப் பிட்டரய்யா.

"மெல்ல மாட்டேங்குறாளா? அப்ப சாறா புழிஞ்சு ஊத்துங்க. குடிக்கிறதுக்குப் பல்லு வேணுமா என்னா?"

சாறு. அது தோன்றவில்லை பாருங்கள். கொழும்பில் இரண்டு வருஷம் டெக்னிக்கல் ஸ்கூல் போனவன்.

மார்ச் 14, ஞாயிறு

அட்டன் சந்தை. பஸ்ஸில் பவளம் மடியில். நுவரெலியாவிலிருந்து வந்த கரட், மண்ணோடு, தழையோடு. காய்கறி விற்ற சிங்கள அம்மா இவளைப் பார்த்துவிட்டு, "லமயாட்ட த?" என்று கேட்டாள். பிள்ளைக்குத்தான் என்றேன். அம்மா எங்கே என்று அடுத்த கேள்வி. எனக்குத் தெரிந்த சிங்களத்தில் அதற்குச் சொல் இல்லை, கையை மட்டும் விரித்தேன். பையில் இன்னும் இரண்டு கரட்டைப் போட்டுவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

தோடம்பழம், பேரிக்காய், பீட்ரூட், வல்லாரை ஒரு கட்டு.

வந்ததும் வேலை. கரட்டைக் கழுவி மெல்லிசாகச் சீவி, அடுப்புக்கு மேலே பரணில் சாக்கு விரித்துப் பரப்பியாயிற்று. அனல் படும், காற்றும் உண்டு. காலைக்குள் பதம் வந்துவிடும். நாளை கசக்க வேண்டியதுதான்.

பல நாளைக்குப் பிறகு ஒரு வேலையை நினைத்துக்கொண்டே படுக்கிறேன்.

மார்ச் 15, திங்கள்

கரட் தோல்வாராகிவிட்டது. துணியில் கட்டி முறுக்கினேன், முழங்காலில் வைத்து அழுத்தினேன். ஒரு கரண்டி தேறவில்லை. முறுக்கிய முறுக்கில் துணிதான் கிழிந்தது.

மாரியாயி அக்கா வந்து பரணைப் பார்த்தது, சாக்கைப் பார்த்தது, என்னைப் பார்த்தது.

"என்னா தம்பி இது?"

"வாட்டினேங்கா. வாட்டினாத்தானே கசக்க வரும்."

"அடப் பாவி மனுசா! கரட்ட வாட்டினீங்களா? இருந்த தண்ணியெல்லாம் ஆவியாக்கி வெரட்டிட்டு சாறு எங்க, சாறு எங்கன்னா? அடுத்தாப்ல என்னா, வறுத்து, சலிச்சு, பெட்டியில அடைச்சுக் கொழும்புக்கு அனுப்புறதா?"

அப்போதுதான் உறைத்தது. ஸ்டோரில் எது வந்தாலும் முதலில் வாட்டுவோம். தண்ணீர் போகத்தான் வாட்டுவது. கை அதன் பாட்டுக்குச் செய்திருக்கிறது, தலை கூடவே இல்லை. முதலில் அக்கா சிரித்தது, பிறகு நான். நிறுத்த முடியவில்லை, வயிறு வலித்தது.

பவளம் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அக்காவின் சேலையை இழுத்து, "அப்பா சிரிக்குது" என்றாள். யாரோ வந்திருப்பதைச் சொல்வதுபோல.

மார்ச் 16, செவ்வாய்

புதிய முறை. பிஸ்கட் டின் மூடியில் ஆணி அடித்துத் துருவல் தகடு. மீதிக் கரட்டைத் தண்ணீரில் ஊறவைத்து, ஈரத்தோடு துருவி, உடனே பிழிந்தாயிற்று.

மெல்லிய துணிதான் தொல்லை. சரசுவின் வாயில்துணிச் சேலை, சல்லடைபோல மெல்லிசு, பெட்டியில் இருக்கிறது. பெட்டி வரை போனேன், திறக்கவில்லை. என் வேட்டியில் பாதியைக் கிழித்துக்கொண்டேன்.

அரைக் கோப்பை. நிறம் அருமை. பவளம் ஒரு மிடறு குடித்தாள். துப்பவில்லை, ஆனால் இன்னொரு மிடறும் இல்லை. பச்சை வாடை. நானும் குடித்துப் பார்த்தேன். அவள் மேல் தப்பில்லை.

மார்ச் 18, வியாழன்

பேரிக்காய். இனிப்பு என்று நம்பிக்கையோடு பிழிந்து வைத்துவிட்டு, அவளைக் கூட்டிவரப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் கோப்பையில் பிளேன் டீ நிறம்! பவளம் அதைப் பார்த்துவிட்டு, "பிஸ்கட்டு?" என்றாள்.

இது எனக்குப் புரிகிற சங்கதி. கசக்கின கொழுந்து காற்றுப்பட்டு நிறம் மாறுகிறதே, அதேதான். அதற்காக அங்கே ஈரத்துணி கட்டிக் காத்துக் கிடக்கிறோம். இங்கே அது ஆகாது. புளிப்புக்குத் தேசிக்காய் இரண்டு சொட்டு விட்டுப் பிழிந்தேன், நிறம் நின்றது. பிழிந்த கையோடு குடிக்க வேண்டும். ஸ்டோரில் செய்வது எல்லாவற்றையும் தலைகீழாகச் செய்தால் சாறு வரும்.

மார்ச் 21, ஞாயிறு

வேட்டியில் பிழிந்து மணிக்கட்டு வீங்கிவிட்டது. டீ மேக்கர் ஐயாவிடம் கேட்டு, பழைய இரும்புக் குவியலிலிருந்து ஒரு திருகாணித் தண்டும் கைச்சக்கரமும் எடுத்துவந்தேன். இரண்டு பலாப் பலகை, நடுவில் துணிப்பொட்டலம், மேலிருந்து திருகு. முழுநாள் வேலை. சாப்பிட மறந்துபோனேன், இந்த முறை வேலையால்.

முதல் கோப்பையில் கிரீஸ் வாடை. தண்டை மண்ணெண்ணெயில் கழுவினேன், இரண்டாவதில் மண்ணெண்ணெய் வாடை. சாம்பல், புளி, வெந்நீர். மூன்றாவது சுத்தம். இரும்பு சாற்றில் படாமல் மேல் பலகையை அகலமாக்கினேன்.

அழுத்திய சக்கை கையில் உதிர்கிறது. துளி ஈரம் இல்லை. அக்கா அதை அள்ளி மாவோடும் தேங்காய்ப்பூவோடும் பிசைந்து ரொட்டி சுட்டது. நான் மூன்று தின்றேன். பவளம் ஓரத்தைக் கடித்தாள்.

கரட், தோடம்பழம், கொஞ்சம் தேங்காய்ப்பால். எண்ணெய்ப் பசை இல்லாமல் கொடுத்தால் கண்ணுக்குப் போய்ச் சேராது என்று டிஸ்பென்சரி ஐயா சொல்லியிருந்தார். பவளம் குடித்தாள். முழுக்கக் குடித்துவிட்டுக் கோப்பையை நீட்டினாள்.

மார்ச் 23, செவ்வாய்

இன்று எழுதத்தான் வேண்டும்.

பீட்ரூட் போட்டேன். திருகத் திருகத் துணி சிவந்தது, பலகை சிவந்தது, என் கை முழங்கை வரை. திரும்பிப் பார்த்தால் பவளம் இல்லை. கட்டிலுக்கு அடியில் கிடந்தாள். இழுத்தால் வரவில்லை. பல் கிட்டிப்போயிருந்தது.

"அம்மா துணி" என்றாள்.

சரசுவுக்குப் பிள்ளைப்பேற்றில் உதிரம் நிற்காமல் போன அன்று இவள் தூங்குகிறாள் என்றுதான் நினைத்திருந்தோம். மருத்துவச்சி துணி துணியாக வெளியே எறிந்ததை இவள் பார்த்திருக்கிறாள். மூன்று மாதமாக இந்தப் பிஞ்சு அதை வைத்துக்கொண்டிருக்கிறது. நான் எதிரிலேயே உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

நானும் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டேன். வெகுநேரம். அம்மாவுக்கு வலிச்சுச்சா என்று கேட்டாள். ஆமா என்றேன். இப்போ வலிக்குதா? இல்லை. தம்பிப் பாப்பாவுக்கு? அதுக்கும் இல்லை. இரண்டு பேரும் அழுதோம். சரசுவை எடுத்த அன்றும் நான் அழவில்லை.

பிறகு அவளைத் தண்ணீர் விழும் பீலிக்குத் தூக்கிப் போனேன். துணியை இரண்டு பேருமாக அலசினோம். தண்ணீர் ரோஸாகி, பிறகு வெறும் தண்ணீர். ஒரு பீட்ரூட்டைக் கையில் கொடுத்தேன். நகத்தால் கீறி விரலைப் பார்த்தாள், நக்கினாள். "இனிக்குது."

இனி பீட்ரூட் வேண்டாம். அவளாகக் கேட்டால் பார்க்கலாம்.

மார்ச் 26, வெள்ளி

வல்லாரை. நான் துப்பினேன், அக்கா துப்பியது, பவளம் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டுக் குடிக்காமலே துப்பினாள்.

"இத ஆட்டுக்குக் குடுத்தா ஆடு கோவிச்சுக்கிட்டு இந்தியாவுக்குப் போயிரும்" என்றது அக்கா.

காலையில் இரண்டு வாய் சோறு அதிகம். தானே கேட்டு.

மார்ச் 28, ஞாயிறு

லயத்தில் செய்தி பரவிவிட்டது. அவரவர் கையில் என்ன கிடைத்ததோ அதோடு வாசலில் வரிசை: பப்பாசி, அன்னாசி, யாரோ புளிச்ச கொடித்தோடை. இருமல்காரக் கிழவர் ஒருவர் இஞ்சியோடு.

"பிட்டரய்யா, நமக்கும் ஒரு திருகு திருகுங்க!"

"பச்சத்தண்ணி குடிக்காத மனுசன் ஜூஸ் கடை போட்டுட்டாரு டோய்!"

பவளம் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டாள். தன்னைக் கேட்காமல் யாரும் திருகக் கூடாதாம். இந்த வீட்டில் இத்தனை சத்தம் கேட்டு எவ்வளவு நாளாயிற்று.

ஆனால் விளக்கு வைக்கும் நேரம் மறுபடி கையை முன்னால் நீட்டித் தடவிக்கொண்டுதான் நடந்தாள். 

மார்ச் 31, புதன்

டிஸ்பென்சரி. புள்ளி இல்லை. நிறை கூடியிருக்கிறது. கண்ணில் வறட்சி கொஞ்சம் குறைந்திருப்பதாகச் சொன்னார். அதற்கு மேல் சொல்ல மாட்டேன் என்கிறார்.

"பார்வை திரும்புங்களா?"

"குடுக்குறத நிறுத்தாம குடுங்க. பெரியாஸ்பத்திரிக்குக் கடதாசி எழுதி வச்சிருக்கேன். அடுத்த வாரம் வாங்க, வேணுமா வேணாமான்னு பாப்போம்."

கடதாசி அவர் மேசையில் கிடந்தது. பார்க்காமல் வந்துவிட்டேன்.

கரட் முடிந்தது. லொறி டிரைவரிடம் சொல்லி நுவரெலியாவிலிருந்து ஒரு சாக்கு.

ஏப்ரல் 2, வெள்ளி

அந்தியில் அவளை எதிரே உட்காரவைத்துக் கோப்பையை நீட்டிப் பார்த்தேன். கை கோப்பைக்குப் பக்கத்தில் போயிற்று. தெரிந்து போனதா, சாற்று வாசனைக்குப் போனதா? மறுபடி வெறும் கோப்பை. சிணுங்கினாள். "வெளாட்டு வேணாம்ப்பா." விட்டுவிட்டேன். பிள்ளை என்ன மெஷினா, ஓட்டிச் சோதிக்க?

பெட்டியைத் திறந்து சேலையை எடுத்தேன். வேட்டித் துணி நைந்துபோயிற்று. சேலைத் துணியில் சாறு தெளிவாக இறங்குகிறது. சரசு இருந்தால் திட்டித் தீர்த்திருப்பாள், பிறகு அவளே கிழித்துக் கொடுத்திருப்பாள்.

ஏப்ரல் 5, திங்கள்

மத்தியானத்திலிருந்து மழை. வருஷத்தின் முதல் நல்ல மழை. மலை முழுக்கத் தண்ணீர் இறங்கும் சத்தம். ஸ்டோரில் கொழுந்து ஈரம், வாட்ட முடியவில்லை, வேலை நீண்டது. பிள்ளைக் காம்பராவுக்குப் போய்ச் சேரும்போது ஆயா மட்டும் பவளத்தோடு இருந்தாள். மழை விட்டிருந்தது.

குறுக்குப் பாதையில் வந்தோம். புல் முழங்கால் உயரம். நன்றாக இருட்டிக்கொண்டு வந்தது. லாந்தர் கொண்டுபோகவில்லை. தூக்கிக்கொள்கிறேன் என்றால் மாட்டேன் என்றாள். விரலைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தாள்.

பாதி வழியில் விரலை இழுத்தாள்.

"அப்பா, நில்லு. கால்ல அட்டை."

குனிந்து பார்த்தேன். எனக்கு என் காலே சரியாகத் தெரியவில்லை. எந்தக் கால் என்றேன். கிட்டே வந்து, தடவாமல், நேராக என் கெண்டைக்காலில் விரலை வைத்தாள். அதற்குப் பக்கத்தில் என் விரலை வைத்தேன். வழவழவென்று இருந்தது.

"இன்னொன்னு ஏறுது பாரு" என்றாள்.